உறுதி யாருடைய பெயரில்? ஒன்ராறியோவில் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு

கனடாவுக்கு வந்து நாலைந்து வருடத்துக்குள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமோ?" விலை, வட்டி வீதம், பேஸ்மென்டுக்கு எவ்வளவு வாடகை வரும் என்பதை எல்லாம் மாதக்கணக்காகப் பேசுவார்கள். உறுதியை யாருடைய பெயரில் எழுதுவது என்பதை மட்டும் சாவி எடுக்கிற கிழமையில், லோயரின் மேசைக்கு முன்னால் இருந்து பத்து நிமிடத்தில் முடிவு செய்வார்கள்.

என் மாமாவும் அவரோடு ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை செய்த நண்பரும் ஸ்காபரோவில் ஒரு செமி (ஒரு சுவர் ஒட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதி) வாங்கினார்கள். ஆளுக்குப் பாதிக் காசு. லோயரின் அலுவலகத்தில் கொடுத்த தாளில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருந்தன. ஒன்று ஜாயின்ட் டெனன்ட்ஸ், மற்றது டெனன்ட்ஸ் இன் காமன். "ரெண்டு பேரும் சேர்ந்துதானே வாங்குறியள்?" என்று அங்கே வேலை செய்த பிள்ளை கேட்டது. "ஓம் பிள்ளை" என்றார் மாமா. முதல் பெட்டியில் ஒரு சரி விழுந்தது. ஆறு வருடம் கழித்து நண்பர் மாரடைப்பில் போய்விட்டார். அந்தியேட்டி முடிந்த பிறகு அவருடைய மனைவி வீட்டு அலுவலைப் பார்க்கப் போனபோதுதான், சட்டப்படி முழு வீடும் மாமாவுடையது என்பது எல்லோருக்கும் தெரிய வந்தது.

மாமா பாதியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அதை எழுதி முடிக்க ஒன்றரை வருடம் போனது. வேலைக்குப் போகாத அந்த அக்காவின் பெயரை மோட்கேஜில் சேர்க்க வங்கி இழுத்தடித்தது. லோயர் செலவு தனி. மாமாவின் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்.

இதுதான் வித்தியாசம். ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்று எழுதினால், ஒருவர் இறந்ததும் அவருடைய பங்கு உயிரோடு இருப்பவருக்குத் தானாகப் போய்விடும். உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அது செல்லாது. பொதுவாகக் கணவன் மனைவிக்கு இது பொருந்தும், ப்ரோபேட் (உயிலை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தும்) செலவும் மிஞ்சும். டெனன்ட்ஸ் இன் காமன் என்றால் ஆளுக்கு இத்தனை வீதம் என்று எழுதலாம், 50-50 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இறந்தவரின் பங்கு அவருடைய உயில்படி போகும். அண்ணன் தம்பி, மச்சான்மார், நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் இரண்டாவது பெட்டியில்தான் சரி போட வேண்டும். கூடவே ஆளுக்கொரு உயிலும் எழுதி வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வருபவர்களுக்கு மனதில் ஊரின் தேசவழமைச் சட்டம்தான் ஓடும். பங்காளி தன் பங்கை விற்கப் போனால் முதலில் எனக்குத்தானே தர வேண்டும் என்று நினைப்பீர்கள். அந்த உரிமை இங்கே சட்டத்தில் கிடையாது. தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து இருவருக்கும் பொது என்ற கணக்கும் இங்கே இல்லை. கலியாணத்துக்குப் பிறகு வாங்கினாலும் வீடு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடையதுதான். பிரிந்தால் பெறுமதியைத்தான் கணக்குப் பார்த்துச் சமப்படுத்துவார்கள், வீட்டில் பாதி எழுதித் தர மாட்டார்கள். கூட்டாக வாங்கியவர்களில் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போய் வீட்டை விற்றுத் தரச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆகவே வீட்டுக்கு ஓஃபர் போட முதலே கூட்டு ஒப்பந்தம் ஒன்றை எழுதிக் கையெழுத்து வையுங்கள். யார் எவ்வளவு போட்டது, கூரை ஒழுகினால் செலவு யாருடையது, ஒருவர் விலக நினைத்தால் விலையை எப்படிப் போடுவது, மற்றவருக்கு எத்தனை நாள் அவகாசம் என்பவை அதில் இருந்தால் போதும். சொந்தத்துக்குள் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பிறகு கோட்டில் கேட்பதைவிட இப்போது குசினி மேசையில் கேட்பது நல்லது.

அடுத்தது, இரவல் பெயர். புதிதாக வந்தவரிடம்தான் இதைக் கேட்பார்கள்: "தம்பி, எனக்கு மோட்கேஜ் வருமானம் காணாதாம். உம்மட பேரை மட்டும் போடும், காசு ஒண்டும் வேண்டாம்." கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். உறுதியிலும் பெயர் ஏறினால், முதல் வீடு வாங்குபவருக்கு ஒன்ராறியோ தருகிற நில மாற்று வரிச் (வீடு வாங்கும்போது கட்டுகிற வரி) சலுகையும் போகும். மாகாணம் 4,000 டொலர் வரை, ரொறன்ரோ நகரம் 4,475 டொலர் வரை திருப்பித் தருகிறது. உலகத்தில் எங்கேயும் வீட்டில் பங்கு வைத்திருந்திராதவருக்குத்தான் அது கிடைக்கும். ஊரில் உங்கள் பெயரில் ஒரு வீடு இருந்தாலே நீங்கள் முதல் வீடு வாங்குபவர் அல்ல. தாங்களே குடியிருக்கும் வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை. முழுதாக வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு இல்லை.

இதைவிட மோசமான பிழை ஒன்று இருக்கிறது. இலங்கையிலோ வளைகுடாவிலோ இருக்கிற அண்ணன் முன்பணத்துக்குக் காசு அனுப்புவார். நன்றிக்கடனாக அவருடைய பெயரையும் உறுதியில் சேர்ப்போம் என்று தோன்றும். செய்யாதீர்கள். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவர் இங்கே வீடு வாங்குவதற்கான கூட்டாட்சித் தடை 2023 ஜனவரி 1 அன்று வந்தது, பிறகு 2027 ஜனவரி 1 வரை நீட்டப்பட்டது. அப்படிப்பட்டவர் வாங்கினால் ஒன்ராறியோ எடுக்கிற 25 வீத வரி அதற்கு மேலே. உறுதியில் உள்ள பெயர்களில் ஒன்று மட்டும் அப்படி இருந்தாலும், அவருடைய பங்குக்கு அல்ல, முழு விலைக்கும் அந்த வரி விழும். 700,000 டொலர் வீட்டுக்கு 175,000 டொலர். ரொறன்ரோவுக்குள் என்றால் 2025 முதல் நகரமும் 10 வீதம் கேட்கிறது. அண்ணனின் காசை நன்கொடையாகவோ கடனாகவோ வாங்கி, அதற்கு முறையான கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சித் தடையில் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும், குடியுரிமை அல்லது வதிவிடம் உள்ளவரின் துணைக்கும் விலக்குகள் உண்டு. அவற்றை லோயரோடு உட்கார்ந்து பாருங்கள்.

கம்பனி தொடங்கி அதன் பெயரில் வாங்கினால் வரி மிஞ்சும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். சின்ன வியாபாரங்களுக்கு ஒன்ராறியோவில் இருக்கிற குறைந்த வரி வீதம், ஒன்றிரண்டு வீட்டின் வாடகைக்குக் கிடைக்காது. அதை முதலீட்டு வருமானமாகப் பார்த்து ஏறத்தாழ 50 வீதம் எடுப்பார்கள், டிவிடென்டாக வெளியே எடுத்தால்தான் அதில் ஒரு பகுதி திரும்பும். கடனுக்கு வங்கி எப்படியும் உங்கள் சொந்தப் பொறுப்புக் கையெழுத்தைக் கேட்கும். இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு உங்கள் பிள்ளையோ அப்பா அம்மாவோ அந்த வீட்டில் இருக்க வேண்டி வந்தால், வாடகைக்கு இருப்பவருக்கு என்12 என்ற வெளியேறும் அறிவித்தலைக் கொடுத்து எழுப்பத் தனி ஆளால்தான் முடியும். கம்பனியால் முடியாது. முதல் வீட்டுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் கம்பனி தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

"வேலை இல்லாத மனுசியின் பெயரில் எழுதினால் வாடகை அவவின் வருமானம், வரி குறையும்" என்பதும் அதே மாதிரியான கதை. காசு உங்களுடையது என்றால், வாடகை யாருடைய கணக்குக்குப் போனாலும் வருமான வரிக்கு அது உங்களுடையதே. நீங்கள் மேலே இருந்துகொண்டு பேஸ்மென்டை வாடகைக்கு விட்டால் அது குடும்ப வீடு. ஒருவரின் பெயரில் மட்டும் இருந்தாலும் மற்றவரின் கையெழுத்து இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அப்படி மேலே இருப்பவர்கள் டி776 என்ற வாடகை வருமான வரிப் படிவத்தில் தேய்மானத்தைக் கழிக்க ஆசைப்பட வேண்டாம். இந்த வருடம் கொஞ்சம் வரி மிஞ்சும், விற்கும்போது வசிப்பிட வரிவிலக்கில் கை வைத்துவிடும்.

செலவுக் கணக்குக்கு ஸ்டீல்ஸ் வீதியை நினைவில் வையுங்கள். அதற்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். 700,000 டொலர் வீட்டுக்கு மாகாண நில மாற்று வரி 10,475 டொலர். தெற்குப் பக்கம் வாங்கினால் நகரமும் அதே தொகையைக் கேட்கும், மொத்தம் 20,950. வீதியைக் கடந்தால் பாதி. நீங்கள் குடியிருக்காத வாடகை வீட்டுக்கு முன்பணம் குறைந்தது 20 வீதம் வேண்டும். அதனால்தான் எங்கள் ஆட்களில் பலர் மேலே தாங்கள், கீழே வாடகை என்று தொடங்குகிறார்கள், அது நல்ல வழி. ஆனால் பேஸ்மென்ட் நகர சபையின் அனுமதியோடு இருக்கிறதா, தப்பிப் போக ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே ஆள் இருப்பதைக் காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு நெருப்புப் பிடித்தால் ஒரு சதமும் வராமல் போகலாம்.

ஆளை வைக்கும்போது "எங்கட ஆள்தானே" என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மாகாணத்தின் பொது வாடகை ஒப்பந்தப் படிவத்தை நிரப்புங்கள், 2018 ஏப்ரல் 30 முதல் அது கட்டாயம். முன்கூட்டி வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான், உடைவுக்கென்று டெபாசிட் வாங்கக் கூடாது. வாடகையை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம், 90 நாள் முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2025க்கான உச்சம் 2.5 வீதம், 2026க்கு 2.1. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல் முறையாகக் குடியேறிய இடங்களுக்கு இந்த உச்சம் இல்லை. குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு கட்டாயம் பகிர வேண்டிய அறை என்றால் மாகாணத்தின் வாடகைச் சட்டமே பொருந்தாது. வாடகை வராவிட்டால் பூட்டை மாற்றவோ சாமானை வெளியே வைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை, வாடகைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள். அந்த மாதங்களில் மோட்கேஜ் கட்டுவதற்கான காசை முதல் நாளே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

லோயரைச் சந்திக்கப் போகும்போது இரண்டு பெட்டியில் எது வேண்டும், ஆளுக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாவி கையில் வந்த பிறகு பதிவான உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று வாசியுங்கள். என் மாமாவின் பிரதி ஆறு வருடம் லாச்சிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது.