கன்ன எலும்பிலிருந்து தாடை மூட்டுக்கு: விரலாலேயே படிக்கலாம்

தாடை மூட்டையும் முக எலும்புகளையும் தனித்தனியாகப் படிப்பதால்தான் பலருக்கு இரண்டும் குழம்புகின்றன. கன்ன எலும்பில் தொடங்குங்கள், மூட்டு தானாகக் கைக்கு வரும். கையைக் கழுவிவிட்டு ஒரு கண்ணாடி முன் உட்கார்ந்தால் போதும்.

படி 1: கண்ணுக்குக் கீழே, கன்ன மேட்டில் சுட்டுவிரலை வைத்துக் காதை நோக்கி நகர்த்துங்கள். ஒடுங்கிய எலும்பு வளைவு ஒன்று தட்டுப்படும். அதன் முன்பகுதி கன்ன எலும்பு. பின்பகுதி காதோரம் இருக்கும் பொட்டெலும்பின் நீட்சி.

படி 2: வளைவு முடியும் இடத்தில், காதுக்குச் சற்று முன்னால், விரலை நிறுத்தி வாயைத் திறந்து மூடுங்கள். அடியில் அசைவது கீழ்த்தாடையின் தலை. அது பொருந்தியிருக்கும் குழியும் அதே பொட்டெலும்பில்தான் இருக்கிறது. குழிக்கு முன்னால் ஒரு சிறு மேடு, தலைக்கும் குழிக்கும் நடுவே நார்க் கசியிழையத் தட்டு.

இங்கே அவசரப்பட வேண்டாம். வாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தலை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். இன்னும் அகலத் திறந்தால் தட்டோடு சேர்ந்து முன்னால் வழுக்கி மேட்டுக்கு அடியில் வரும். விரலுக்குக் கீழே பள்ளம் விழும். கொட்டாவி விட்டதும் சிலருக்கு வாய் மூட முடியாமல் போகிறதே, தலை அந்த மேட்டைத் தாண்டிப்போய்த் திரும்ப முடியாமல் நிற்பதுதான் காரணம்.

படி 3: வறுத்த கஜு ஒன்றைக் கடியுங்கள். கன்னத்தில் திரளும் தசை, படி 1இல் தடவிய வளைவிலிருந்து தாடைக் கோணத்துக்கு இறங்குகிறது. நெற்றிப்பொட்டில் திரள்வது வளைவுக்கு உள்ளால் போய்க் கீழ்த்தாடையின் முன்கொம்பை, அதாவது தலைக்கு முன்னால் மேல்நோக்கி நிற்கும் எலும்பு முனையைப் பிடிக்கிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் வளைவு உள்ளே அமுங்கினால், மூட்டுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் வாய் திறக்காமல் போகலாம். கொம்பு நகர இடமில்லை. சின்னப்பிள்ளை நாடி அடிபட விழுந்தாலும் கவனியுங்கள். தாடைத் தலை உடைந்து வளர்ச்சி குறைந்தால் முகமே ஒரு பக்கம் கோணக்கூடும்.

படி 4: உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே வையுங்கள். அனேகருக்கு நுழையும். வலியில்லாத ‘டிக்’ சத்தம் மட்டும் கேட்டால் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை.

ஆனால் வெற்றிலை பாக்குப் போடுகிறவருக்கு விரல் நுழையாவிட்டால் மூட்டை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். பாக்கு வாயின் உட்தோலை இறுக்கிவிடும், அந்த இறுக்கம் புற்றுநோயாக மாறவும் கூடும். தள்ளிப்போடாமல் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கிட்டவுள்ள அரச வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.