கேடயச் சின்னம் வரைகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வீரர்களின் கேடயங்களில் அடையாளச் சின்னம் தீட்டும் ஐரோப்பிய இடைக்காலச் சின்னக்கலையைப் படிக்க ஆரம்பித்தால், தனக்கென்று ஒரு கேடயம் வரைந்து பார்க்கும் ஆசை வராமல் இருக்காது. நானும் வரைந்தேன்: நீலத்தில் சிவப்புச் சிங்கம். கணினித் திரையில் பிரமாதம். அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் சிங்கத்தைக் காணோம். கறை படிந்த நீலத் துணிதான் தெரிந்தது.

இதற்காகத்தான் நிற விதியே இருக்கிறது. பொன், வெள்ளி இரண்டும் உலோகங்கள். மஞ்சள், வெள்ளையாகவும் தீட்டலாம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வைக்கக் கூடாது. கவசத்துக்குள் இருக்கும் ஆள் யாரென்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டாமா? ஜெருசலேம் அரசு வெள்ளியில் பொன் சிலுவைகளை வைத்ததே என்று கேட்கலாம். அது பேர்போன விதிவிலக்கு, நாம் பின்பற்ற அல்ல.

அடுத்த தவறு, திணிப்பது. புத்தகம், தராசு, கழுகு, தாத்தாவின் தொழில் என்று எல்லாவற்றையும் ஒரே கேடயத்தில் அடைத்தால் அது கல்யாணப் பத்திரிகையாகிவிடும். இங்கிலாந்தில் ஸ்க்ரோப், குரோவ்னர் என்ற இரு வீரர்கள் வழக்காடியது எதற்குத் தெரியுமா? நீலத்தில் சாய்வாக ஒரு பொன் பட்டை, அவ்வளவுதான். 1385இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் இருவரும் அதே சின்னத்தோடு வந்து நின்றார்கள். சாட்சி சொன்னவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர். லண்டன் ஃப்ரைடே தெருவில் ஒரு விடுதிக்கு வெளியே அந்தச் சின்னம் தொங்கியதைப் பார்த்து, ஸ்க்ரோப்பின் சின்னத்தை மாட்டியது யார் என்று விசாரித்திருக்கிறார். அது குரோவ்னருடையது என்று பதில் வந்ததாம். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே அப்போதுதான். 1390இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் இறுதித் தீர்ப்பு ஸ்க்ரோப் பக்கம் போனது. குரோவ்னர் பட்டையை விட்டுவிட்டுப் பொன் கதிர்க்கட்டுக்கு மாறினார்.

இந்த வழக்கைப் படித்த பிறகும் ‘உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்’ என்று விற்பதை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது. அதே பெயர் இருக்கிறது என்பதற்காக எவருக்கும் உரிமை வராது. அப்புறம், முழுச் சின்னத்தையும் ‘கிரெஸ்ட்’ என்பதும் தப்பு. தலைக்கவசத்தின் உச்சியில் இருப்பது மட்டும்தான் கிரெஸ்ட்.

வலம் இடம் குழப்பம் எல்லோருக்கும் வரும். கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலப்பக்கம்தான் வலம். பார்க்கிற நமக்கு அது இடம். சிங்கம் அந்தப் பக்கம் பார்த்துதான் நிற்க வேண்டும். திருப்பி வரைந்தால் எதிரியைக் கண்டு ஓடுகிற மாதிரி இருக்கும்.

சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம் என்ற பட்டியல்களை நம்பி மெனக்கெட வேண்டாம். இடைக்காலத்தில் அப்படி ஒரு நிலையான அகராதி கிடையாது. அவர்களுக்குப் பிடித்தது சிலேடை. ஸ்பெயின் பக்கம் இருந்த காஸ்டில் அரசின் சின்னம் சிவப்பில் பொன் கோட்டை, லியோனுடையது வெள்ளியில் ஊதாச் சிங்கம். காஸ்டில் என்ற பெயரில் கோட்டையும் லியோன் என்ற பெயரில் சிங்கமும் அந்த மொழியில் ஒலிக்கின்றன. இரண்டும் அந்தப் பெயர்களை அப்படியே படமாக்கியவை.

அதைப் பார்த்துத்தான் என் சிங்கத்தைக் கைவிட்டேன். ஊர் ஆலங்குடி. முதலில் ஒரே வரியில் எழுதினேன்: வெள்ளியில் பச்சை ஆலிலை ஒன்று. அதற்குப் பிறகுதான் வரைந்து, அதே சுவரில் ஒட்டினேன். இந்த முறை வாசலிலிருந்தே தெரிந்தது.