வண்டி ஓடியும் காசு நிற்கவில்லையா? லாரி வாடகை பேசுவதில் நடக்கும் தவறுகள்

வாடகை பேச உட்கார்ந்ததும் பலர் முதலில் விசாரிப்பது, மற்ற வண்டிக்காரர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பதைத்தான். அவர்களுக்கு வண்டிக் கடன் முடிந்திருக்கலாம். திரும்பி வர நிலையான லோடு இருக்கலாம். அந்த வாடகை அவர்களுக்குக் கட்டும், உங்களுக்குக் கட்டாது. முதலில் உங்கள் அடக்கத்தை, அதாவது ஒரு நடைக்கு (டிரிப்புக்கு) உங்களுக்கு ஆகும் மொத்தச் செலவைப் போடுங்கள்.

அடக்கத்தில் பெரிய ஓட்டை, காலியாகத் திரும்பும் தூரம். போக 400, வர 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லோடோடு லிட்டருக்கு 4, காலியாக 5 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குப் போக 100, வர 80, ஆக 180 லிட்டர் டீசல். "சராசரி மைலேஜ் நாலரை" என்று சொல்லி 400 கிலோமீட்டருக்கு மட்டும் கணக்குப் போட்டால் 89 லிட்டர்தான் வரும். பாதி டீசல் உங்கள் கையிலிருந்து போகிறது.

டயர் தேய்மானம் மாற்றும் நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு செட் 60,000 கிலோமீட்டர் உழைத்தால், இந்த 800 கிலோமீட்டர் நடையில் 75-ல் ஒரு பங்கு கரைந்துவிட்டது. ஆயில், பிரேக், கிளட்ச் செலவுகளையும் இப்படியே கிலோமீட்டருக்குப் பிரியுங்கள்.

டியூ (வண்டிக் கடன் தவணை), இன்சூரன்ஸ், பெர்மிட், டிரைவர் சம்பளம் போன்ற மாதச் செலவை 30-ஆல் வகுப்பது இன்னொரு தவறு. வண்டி உண்மையில் ஓடுவது 22 நாள் என்றால் 22-ஆல்தான் வகுக்க வேண்டும். நாள் செலவு சுமார் 36 சதவீதம் ஏறிவிடும். அதனால்தான் குறைந்த தூரம் என்றாலும் இரண்டு நாள் பிடிக்கும் நடைக்குக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் பேசக்கூடாது.

ரிட்டர்ன் லோடை டீசல் காசுக்கே ஏற்றி வருவதும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் லோடு ஏற்றியதால் கூடும் டீசல் 20 லிட்டர்தான். உண்மையான செலவு காத்திருப்பு. லோடுக்காக இரண்டு நாள் கிடந்தால் இரண்டு நாள் செலவும், சுற்றிப் போகும் தூரமும், புரோக்கர் கமிஷனும் சேரும். இவை எல்லாம் கூட்டிய தொகைக்குக் கீழே வாடகை பேசினால் காலியாகக் கிளம்புவதே மேல்.

பஞ்சு, ஃபோம், பிளாஸ்டிக் குடம் போன்ற சரக்குக்கு டன் கணக்கு வேண்டாம். எடை ஏறுவதற்கு முன்பே பாடி நிறைந்துவிடும். முழு வண்டி வாடகையாகப் பேசுங்கள்.

லாபச் சதவீதத்திலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. அடக்கம் 100 என்றால் 20 சேர்த்து 120 கேட்பது 20 சதவீத லாபம் ஆகாது. வாடகையில் அது 16.7 சதவீதம்தான். வாடகையில் 20 சதவீதம் நிற்க வேண்டுமானால் 100-ஐ 0.8-ஆல் வகுத்து 125 கேட்க வேண்டும். கமிஷனும் வாடகையிலிருந்துதான் கழியும். 5 சதவீதம் என்றால் 0.75-ஆல் வகுங்கள்.

நீண்ட ஒப்பந்தத்தில் டீசல் விலை ஏற்றத்துக்கு ஒரு வரி எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகையில் டீசல் 40 சதவீதம், லாபம் 8 சதவீதம் என்றால், டீசல் 10 சதவீதம் ஏறினாலே பாதி லாபம் காலி. ஒப்பந்த நாளின் டீசல் விலையைக் குறித்து, எத்தனை சதவீதம் மாறினால் வாடகை எவ்வளவு மாறும் என்று எழுதி வாங்குங்கள்.

ஹால்டிங் காசும், அதாவது வண்டியைக் காக்க வைப்பதற்கான காசும் அப்படித்தான். ஏற்ற, இறக்க எத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பதை முன்பே பேசுங்கள். கேட்டுக்குள் நுழைந்த நேரமும் வெளியே வந்த நேரமும் சரக்குச் சீட்டில் எழுதப்பட்டு, அங்கிருப்பவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். அது இல்லாமல் பில் போட்டால் பல இடங்களில் கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள்.