குதிரை ட்ரெய்லருக்கு ஹிட்ச் வாங்கும் முன் கொள்ளு மூட்டை ஏற்றி எடை பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இரண்டு குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி, பிக்கப்பில் கோர்த்து இழுத்து வந்த முதல் நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி அரை நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. கையில் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது.

காரணம் ரொம்ப எளிது. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்குமே, அதேதான். ட்ரெய்லரின் மூக்கு, பின் ஆக்ஸிலையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இணைப்புப் பந்தின் மேல் அமுக்குகிறது, முன் சக்கரங்களில் இருந்த பாரம் குறைந்துவிடுகிறது. ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னால் சாயும். இறக்கத்திலோ பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் நம்பியிருப்பதே முன் சக்கரங்களைத்தான். ஹிட்ச் என்றால் ட்ரெய்லரை வண்டியோடு கோர்க்கிற இணைப்பு. அதில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்பது இரண்டு ஸ்பிரிங் இரும்புக் கம்பிகளால் நெம்பி, அந்தப் பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் இன்னொரு பங்கை ட்ரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளிவிடுகிற ஏற்பாடு. மொத்த எடை ஒரு கிலோகூடக் குறையாது. உதாரணமாக, வண்டி 1800 கிலோதான் இழுக்கும் என்று கையேட்டில் இருந்தால், எந்த ஹிட்ச் போட்டாலும் 1800தான்.

முதலில், உங்களுக்கு இது தேவையா, போட முடியுமா என்று பாருங்கள். வண்டியின் கையேட்டைப் படியுங்கள். இந்த வகை ஹிட்ச் கூடாது என்று சில கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. அப்புறம் பம்பருக்குக் கீழே குனிந்து, ஹிட்ச் மாட்டும் சதுரக் குழாயில் என்ன எடை அடித்திருக்கிறது என்று பாருங்கள். நல்ல தயாரிப்பில் சாதாரணமாகச் சுமக்கிற எடை ஒன்று, பகிர்ந்து சுமக்கிற எடை ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். எதுவுமே அடிக்காத, பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த கொக்கியில் இதை மாட்டவே மாட்டாதீர்கள். ஸ்பிரிங் கம்பி முறுக்குகிற பலம் அந்த வெல்டிங்கைத்தான் முதலில் பதம் பார்க்கும். என் பழைய கொக்கியில் பெயின்ட்டுக்கு அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது, கழுவும்போது துரு வழிந்ததால்தான் கண்ணில் பட்டது.

பிரிட்டனிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்த ட்ரெய்லர் என்றால் இன்னொரு சிக்கல். அவற்றில் பிரேக் பிடிப்பதே மூக்குப் பகுதி உள்ளே தள்ளப்படுவதால்தான், ஓவர்ரன் பிரேக் என்பார்கள். ஸ்பிரிங் கம்பி அந்த மூக்கை இறுக்கிப் பிடித்துவிட்டால் பிரேக் சரியாக வேலை செய்யாது, பர்லியார் இறக்கத்தில் அதைக் கண்டுபிடிக்கிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம். அந்த ட்ரெய்லர்களுக்கு மூக்கு எடையும், அதாவது பந்தின் மேல் மூக்கு அமுக்குகிற எடையும், குறைவாகத்தான் வைப்பார்கள், பெரும்பாலும் இந்த ஹிட்ச் தேவையே இல்லை. பந்தையும் கவனியுங்கள்: அங்கே 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவுகளில் ஒன்று 2 அங்குலம், அதாவது 50.8. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனாலும் கலந்து போடக் கூடாது.

சரி, போடலாம் என்று முடிவானால் அடுத்த வேலை எடை பார்ப்பது. இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். என் ட்ரெய்லர் காலியாக 980 கிலோ, குதிரைகள் இரண்டும் சேர்ந்து 890, சேணம், தண்ணீர், புல் எல்லாம் ஒரு 80, ஆக 1950 கிலோ. மூக்கு எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது 195 முதல் 290 வரை. குதிரையை உள்ளே வைத்துக்கொண்டு இதை அளக்கக் கூடாது, அது கால் மாற்றி நின்றாலே முள் ஆடும், கழற்றிய ட்ரெய்லரில் உயிருள்ள பாரம் நிற்பதும் ஆபத்து. குதிரைக்குப் பதிலாக 50 கிலோ கொள்ளு மூட்டை 18 ஏற்றினேன். குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்காலில்தான் இருக்கிறது, அதனால் முன்னங்கால் நிற்கிற இடத்தில் 11 மூட்டை, பின்னால் 7.

சமதரையில் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, நல்ல கனமான பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் செங்கல் மேலும் இன்னொரு முனையை வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷின் மேலும் வையுங்கள். இடைவெளி 4 அடி. ட்ரெய்லர் மூக்கின் ஜாக்கி, செங்கல்லிலிருந்து 1 அடியில் இறங்க வேண்டும். பலகையின் எடையைக் கழித்துவிட்டு, மெஷின் காட்டுவதை 4 ஆல் பெருக்குங்கள். எனக்கு 55 காட்டியது, ஆக 220 கிலோ. பிக்கப்பில் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கிற சாமான் 30 கிலோ. மொத்தம் 250, இதற்கு ஏற்றபடிதான் ஸ்பிரிங் கம்பி எடுக்க வேண்டும்.

கம்பிகள் பவுண்டு கணக்கில்தான் வரும்: 600 பவுண்டு என்றால் 272 கிலோ, 800 என்றால் 363, 1000 என்றால் 454. எனக்கு 600 போதும். விற்றவர் ஆயிரத்தை எடுங்கள், பெரியது பாதுகாப்பு என்றார், நான் கேட்கவில்லை. கம்பி தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு குழியும் குதிரையின் காலில் போய் இடிக்கும். அதைவிட மோசம், பின் சக்கரங்களில் பாரம் குறைந்துபோய், தூறல் விழுந்த ரோட்டில் பின்பக்கம் வழுக்கும். நம் நீலகிரியில் தூறலுக்குப் பஞ்சமில்லை.

வகையைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான். ட்ரெய்லர் இடவலமாக வாலாட்டுவதைத் தடுக்கத் தனியாக ஒரு உராய்வுக் கம்பி மாட்டுகிற மாடல் விலை குறைவு, ஆனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் அதைக் கழற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னால் எடுக்க நேர்ந்தால், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, இறங்கிக் கம்பி கழற்றுவீர்களா? கம்பி ட்ரெய்லர் சட்டத்தில் உள்ள பிராக்கெட்டின் மேல் உராய்ந்து அந்த வேலையையும் சேர்த்தே செய்கிற மாடலை எடுங்கள். வாலாட்டம் மெதுவாகப் போகும்போது அவ்வளவாக வராது, கோவை, மைசூர் பக்கம் வேகமாகப் போகும்போதுதான் அதிகம் வரும், இறக்கத்தில் வேகம் கூடினாலும் வரலாம்.

மாட்டியபின் முன் மட்கார்டின் உயரத்தை டேப்பால் அளந்து சரிபாருங்கள். ட்ரெய்லர் இல்லாமல் எனக்கு 89 சென்டிமீட்டர், கோர்த்ததும் 92, கம்பியை இறுக்கியதும் 90.5. ஏறியதில் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும், சரியான அளவுக்கு உங்கள் கையேடு சொல்வதைக் கேளுங்கள். 89க்கும் கீழே போனால் இறுக்கம் அதிகம், கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஒரே குதிரையை ஏற்றினால் டிரைவர் பக்கம், அதாவது வலதுபுறம் நிறுத்துங்கள். ரோடு இடது ஓரமாகச் சரிந்திருக்கும். அன்றைக்கு மூக்கு எடையும் குறையும் என்பதால் கம்பியின் இறுக்கத்தை மறுபடி அளந்து வைக்க வேண்டும். புது ஹிட்ச்சின் போல்ட்டுகள் முதல் பயணத்திலேயே கொஞ்சம் தளரும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 50 கிலோமீட்டர்தான், அங்கே டீக்கு நிறுத்தும்போது குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, போல்ட்டின் இறுக்கத்தை அளக்கிற டார்க் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். என்னுடையதில் மூன்று போல்ட்டுகள் கால் சுற்று வாங்கின.