முகத்தில் புதிதாக ஒரு முளை தெரிந்தால்

அம்மாபேட்டையில் சலூன் வைத்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்களின் கன்னத்தில் மிளகு ஒட்டியது போலக் கறுப்புப் பொட்டுகளைத் தினமும் பார்க்கிறேன். பெரும்பாலும் பரம்பரையாக வருபவை, ஆபத்தில்லை. கழுத்தில் தொங்கும் சின்ன மருவும் அப்படித்தான்.

வெளிச்சம் விழும் ஜன்னலோரம் கண்ணாடியோடு நில்லுங்கள். மூக்கோரம், இமை, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து செல்போனில் படம் எடுத்து, அடுத்த மாதம் ஒப்பிடுங்கள்.

இமையோரம் மஞ்சள் திட்டா? கொலஸ்ட்ரால் பாருங்கள். பிடரி கறுத்துத் தடித்தால் சர்க்கரை பாருங்கள். ஆனால் வாரக்கணக்கில் ஆறாத புண், தானாகக் கசியும் ரத்தம், பளபளப்பாக வளரும் கட்டி, நிறமோ விளிம்போ மாறும் மச்சம் என்றால் உடனே தோல் டாக்டரிடம் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அது தோலையே வேகவைத்துவிடும், தழும்பு நிற்கும். எரிந்துபோனது என்ன கட்டி என்று டாக்டரால் பரிசோதிக்கவும் முடியாது.

அப்புறம், ஷேவிங்குக்கு உட்காரும்போதே முளை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். சில மருக்கள் வைரஸால் வருபவை. கத்தி பட்டால் முகத்தில் வேறு இடங்களுக்கும் பரவலாம்.