பள்ளி புராஜெக்டுக்காக ஒரு தொண்டு நிறுவனத்தை அணுகுவது எப்படி?

"உங்கள் பகுதியில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போய்வந்து அறிக்கை எழுதுங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். யாரைக் கூப்பிடுவது, என்ன பேசுவது, கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பிள்ளைகள் திணறுகிறார்கள். கடைசியில் இணையத்தில் கிடைத்ததை எழுதி ஒப்படைத்துவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டாம். நேரில் போனால் தெரிந்துகொள்ள அவ்வளவு இருக்கிறது.

விளக்குவதற்கு ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: பதினோராம் வகுப்பு மாணவர்கள் மூன்று பேர் தங்கள் ஊர் முதியோர் இல்லத்தைப் பற்றி எழுதப் போகிறார்கள்.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம்தான் நிறுவனம்

"உங்கள் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், இணையதளத்தில் இருப்பதையே திரும்பச் சொல்வார்கள். அவர்களால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் வேண்டும். நடுராத்திரியில் ஒரு பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனால் யார் முடிவெடுக்கிறார்கள்? எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள்? செலவு யாருடையது? சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனிச் சமையலா? இப்படி ஐந்து கேள்விகள் கையில் இருந்தால் அரை மணி நேரம் போதும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பற்றியும், முதியோருக்கான 14567 உதவி எண் பற்றியும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். அதையெல்லாம் அவர்களிடம் கேட்டு நேரத்தைச் செலவழிக்கக் கூடாது.

படி 2: எந்த நிறுவனம்?

சென்னைப் பிள்ளைகளுக்கு 1983இல் தொடங்கிய உதவும் கரங்கள், 1993இல் தொடங்கிய பான்யன் போன்ற பெரிய தொண்டு நிறுவனங்களின் பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்ன இல்லத்தையும் யோசியுங்கள். அங்கே நடத்துபவரே உங்களோடு உட்கார்ந்து பேச வாய்ப்பு அதிகம்.

மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் 'என்ஜிஓ தர்பன்' இணையதளத்தில் மாநிலம், மாவட்டம் வாரியாக நிறுவனங்களைத் தேடலாம். அதில் பதிவது நிறுவனத்தின் விருப்பம்தான். அதனால் பெயர் இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். டிரஸ்டா, சங்கமா, எப்போது பதிவானது என்று மரியாதையாகக் கேட்டாலே சொல்வார்கள்.

பருவமும் முக்கியம். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் கடலாமைகளைக் காத்துவரும் மாணவர் அமைப்பு ஒன்று உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் ஜனவரி முதலான மாதங்களில்தான், முட்டைகளைத் தேடிக் கரையோரம் போகும் அவர்களுடைய இரவு நடை. ஆகஸ்டில் எழுதிக் கேட்டால் பேசலாம், பார்க்க முடியாது. மார்ச் கடைசியில் பல டிரஸ்டுகள் கணக்கு முடிக்கும் வேலையில் இருக்கும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் இல்லங்களுக்கு நன்கொடையாளர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

படி 3: பள்ளியின் கடிதம்

தலைமை ஆசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள கடிதம் ஒன்று வாங்குங்கள். பொறுப்பாசிரியரின் பெயரும் எண்ணும் அதில் இருக்கட்டும். உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்கு இல்லத்தை நடத்துபவர்கள்தான் பொறுப்பு. முன்பின் தெரியாதவர்களை எப்படி விடுவார்கள்? வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 4: முதல் ஃபோன்

மூன்று பேரும் தனித்தனியாகக் கூப்பிடாதீர்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, காலை பதினொரு மணி வாக்கில் அழைக்கலாம்.

"வணக்கங்க. என் பேரு ______. ______ அரசு மேல்நிலைப் பள்ளியில பதினொண்ணாவது படிக்கிறேன். ஸ்கூல் புராஜெக்டுக்காக உங்க இல்லத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். யார்கிட்ட பேசணும்னு சொல்றீங்களா? இப்போ நேரம் இல்லன்னா எப்போ கூப்பிடட்டும்?"

இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் நிறுத்திவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். எடுத்தவர் சமையல்காரராகவோ காவலாளியாகவோ இருக்கலாம். அவரிடமும் இதே மரியாதையோடு பேசி, பொறுப்பாளரின் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சார், மேடம், ஐயா, அம்மா எதுவும் சரி. கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லமானால் சிஸ்டர்.

படி 5: கடிதம்

இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். பள்ளியில் கற்ற 'அனுப்புநர், பெறுநர், பொருள்' வடிவம் இதற்கு நன்றாகவே பொருந்தும். மின்னஞ்சலில் பொருள் வரி தலைப்புக்குப் போய்விடும்.

பொருள்: பள்ளி புராஜெக்டுக்காக 30 நிமிடச் சந்திப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா,
வணக்கம். நாங்கள் மூவரும் ______ பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறோம். முதியோர் இல்லத்தின் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்பது பற்றி அறிக்கை எழுதுகிறோம். அதற்காகத் தங்களையோ தாங்கள் சொல்லும் ஒருவரையோ 30 நிமிடம் சந்தித்துப் பேச அனுமதி வேண்டுகிறோம். அடுத்த மாதம் எந்தச் சனிக்கிழமையும் எங்களால் வர முடியும். எங்கள் ஐந்து கேள்விகளையும் பள்ளியின் கடிதத்தையும் இணைத்துள்ளோம். அனுமதி இல்லாமல் படம் எடுக்க மாட்டோம். அறிக்கை எங்கள் வகுப்புக்கு மட்டுமே. நேரில் சந்திப்பது சிரமம் என்றால் ஃபோனில் பேசவும் தயாராக இருக்கிறோம்.
இப்படிக்கு,
(பெயர்கள், வகுப்பு, பொறுப்பாசிரியர் பெயர், எண்)

"சமுதாயத்தின் கலங்கரை விளக்கமாகத் திகழும் தங்கள் நிறுவனம்" என்ற வகை வரிகளை எடுத்துவிடுங்கள். வேலைக்கு நடுவில் படிப்பவருக்கு யார், எதற்கு, எவ்வளவு நேரம், என்றைக்கு என்பவை முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். கேள்விகளை முன்பே அனுப்பினால், சொல்லக்கூடியது எது, கூடாதது எது என்று அவர்களும் யோசித்துவைப்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் இதையே அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், இரவு நேரமும் வேண்டாம்.

படி 6: பதில் வராவிட்டால்

ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை ஃபோனில் நினைவூட்டுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இதனால்தான் புராஜெக்ட் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

படி 7: போகும் நாள்

குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74இன்படி, பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் ஒரு செல்ஃபியால் கூட ஒரு குழந்தை இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடலாம். ஃபோனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். இல்லத்தின் கட்டடம், தோட்டம், சமையலறை போன்றவற்றைக்கூடக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

முதியோர் இல்லத்தில் "உங்க பிள்ளைங்க ஏன் உங்களைப் பார்த்துக்கல?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பிள்ளைகளே இல்லாதவர்கள் இருப்பார்கள், தாமாக விரும்பி வந்தவர்களும் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி பெரிய வலி. "சின்ன வயசுல என்ன வேலை பார்த்தீங்க தாத்தா?" என்று கேளுங்கள். நெசவு, ரயில்வே, நாடகம் என்று எதுவும் வரலாம். அவர் பேச விரும்பாவிட்டால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

எதையாவது வாங்கிக்கொண்டு போக ஆசை இருந்தால் முதலில் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டுபோவதால் யாருக்கும் பயன் இல்லை. சோப்பு, போர்வை, பெரியவர்களுக்கான டயப்பர் என்று தேவை வேறாக இருக்கலாம். வெறுங்கையோடு போனாலும் தவறில்லை.

30 நிமிடம் கேட்டிருந்தால், அரை மணி ஆனதும் "நேரமாயிடுச்சு, கிளம்பட்டுங்களா?" என்று நீங்களே கேளுங்கள். இருக்கச் சொன்னால் இருங்கள்.

படி 8: வந்த பிறகு

அன்றைக்கே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். அறிக்கையை ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன், தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர், தொடங்கிய ஆண்டு எது, செலவு எவ்வளவு போன்ற விவரங்களை அவர்களிடம் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள். இல்லத்தின் பெயரைப் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். மதிப்பெண் வந்ததும் அறிக்கையின் ஒரு பிரதியை அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடுமானால் அங்கிருக்கும் பெரியவர்களும் படிக்கும்படி கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டு.