ஆவிக் குழாய் சீறவில்லையா? முனையைக் கழற்றிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் கடை எஸ்பிரஸோ மெஷினின் ஆவிக் குழாய் சீறுவதற்குப் பதில் முனக ஆரம்பித்தது. பால் சூடாகும், நுரை வராது. வந்த மெக்கானிக் மெஷினின் மின்னணு போர்டு மாற்றணும் என்றார். பாய்லரின் ஆவி அழுத்தம் காட்டும் முள் 1 பாரில் ஒழுங்காக நிற்கும்போது போர்டு எதற்கு?

மெஷினை அணைத்து, ஆவியை வெளியேற்றி, ஆறியதும் முனையைக் கழற்றினேன். நாலு துளையில் மூன்று, பழுப்பேறிய பால்கசடால் மூடியிருந்தன. வெறும் வெந்நீருக்கு அது மசியவில்லை. லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊறவைத்ததும் இளகியது. ஊக்கால் குத்தி, அலசி மாட்டினேன். பழைய சீறல் வந்துவிட்டது.

காபி இறங்கும் சல்லடையில் படிவது எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு எலுமிச்சை உப்பு வேலைக்கு ஆகாது, காபி மெஷின் கழுவுவதற்கென்றே விற்கும் பவுடர்தான்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் கரிக்கும். மெஷினுக்கு விடவே கூடாது. அதற்காக உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரும் சரிப்படாது, சில மெஷினில் சென்சார் பாய்லர் காலி என்று நினைத்துக்கொள்ளும். இப்போது மாஸ்டர் ஒவ்வொரு முறை பால் காய்ச்சியதும் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியைத் திறந்துவிடுகிறார்.